கார்டைக் காப்பாற்றுவோம், கைமாறும்போது உண்மையைச் சொல்வோம்

(அரையாண்டு விடுமுறையில் நம் கிளப்ஹவுஸில் நடந்த பெற்றோர் – குழந்தைகள் சந்திப்பில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)

முன் வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் குட்டி நண்பர்களே, இன்று பேசப்போவது உங்கள் சொத்தைப் பற்றித்தான்.

சாயங்காலம் நம் பிளே ஏரியா பக்கம் போனால் ஒரு சந்தையே நடக்கிறது. போக்கிமான், கிரிக்கெட், கால்பந்து என்று கார்டுகள் கைமாறுகின்றன. “வெறும் அட்டைதானே” என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறோம். தீப்பெட்டிப் படம் சேர்த்த நாம் அப்படிச் சொல்லலாமா?

இந்த மழையில் பல வீடுகளில் கார்டுகள் நனைந்தும் வளைந்தும் போயிருக்கின்றன. அச்சகத்தில் பல வருடம் காகிதத்தோடு பழகியவன் என்பதால் செயலாளர் என்னைப் பேசச் சொன்னார்.

முதலில் கார்டு என்பது என்ன? சுமார் 63 மில்லிமீட்டர் அகலம், 88 மில்லிமீட்டர் உயரம். காகித அடுக்குகளைப் பசையால் ஒட்டி, மேலே அச்சு, அதற்கு மேல் மெல்லிய பளபளப்புப் பூச்சு. மடிப்பு விழுந்தால் உள்ளே இருக்கும் நார் முறிந்துவிடும். முறிந்த நாரை யாராலும் பழையபடி சேர்க்க முடியாது. மடிப்பை அமுக்கி மறைக்கலாம், போக்க முடியாது.

ஆனால் ஈரத்தால் வந்த பாதிப்பில் பெரும்பகுதியைச் சரிசெய்யலாம்.

மினுமினுக்கும் ஃபாயில் கார்டு ஏன் வளைகிறது? ஃபாயில் ஈரத்தை இழுக்காது, பின்பக்கக் காகிதம் இழுக்கும். காகிதம் விரியும்போது கார்டு முன்பக்கமாக வளைகிறது. காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு, தினமும் பாருங்கள். நேரானதும் வெளியே எடுத்துவிட வேண்டும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் எதிர்ப்பக்கம் வளையும்.

தண்ணீரில் நனைந்த கட்டு என்றால் காயும்வரை காத்திருக்கக் கூடாது. பளபளப்புப் பூச்சு காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் படமும் சேர்ந்து உரிந்து வரும். ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொன்றாக, மெதுவாகப் பிரியுங்கள். துடைக்காமல், வெள்ளை டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். மின்விசிறிக் காற்று படும் இடத்தில் பரப்புங்கள். வெயில் வேண்டாம், நிறம் வெளுக்கும். தொட்டால் ஈரம் தெரியாத நிலை வந்ததும் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்குங்கள். தாளைத் தினமும் மாற்றி ஒரு வாரம் விடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

செய்யக் கூடாதவை: அயர்ன் பாக்ஸ், ஹேர் டிரையர், அழி ரப்பர், சானிடைசர். சூட்டில் பூச்சு குமிழ் விடும், சானிடைசர் அச்சைக் கரைக்கலாம். தூசி என்றால் மூக்குக்கண்ணாடி துடைக்கும் உலர்ந்த துணியே போதும்.

இன்னும் இரண்டு வேலைகளைச் சிலர் செய்கிறார்கள். வெளுத்த ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் நிறம் பூசுவது, நைந்த ஓரத்தை கத்தரியால் நறுக்கி நேராக்குவது. இவை பழுது பார்ப்பது இல்லை, கார்டையே மாற்றுவது.

அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். 1909 முதல் 1911 வரை அங்கே சிகரெட் பெட்டிகளோடு பேஸ்பால் வீரர்களின் கார்டுகள் வந்தன. அதில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் கார்டு மிக அரிது. அப்படி ஒரு கார்டு 1991-இல் 4,51,000 டாலருக்கு ஏலம் போனது. கார்டுகளுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் தரும் பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் அதற்கு 8 கொடுத்தது. 2007-இல் விலை 28 லட்சம் டாலர். ஓரங்கள் அவ்வளவு கூர்மை! 2013-இல் பில் மாஸ்ட்ரோ என்ற ஏல வியாபாரி, அந்த ஓரங்களைத் தான் வெட்டியதாக நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். இன்று அதே நிறுவனம், ஓரம் வெட்டியது அல்லது நிறம் பூசியது என்று கண்டுபிடித்தால் வழக்கமான மதிப்பெண்ணே தருவதில்லை.

குட்டி நண்பர்களே, ஓரம் நைந்த கார்டு வைத்திருப்பதில் அவமானம் எதுவும் இல்லை. அதை நீங்கள் நிறைய விளையாடியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நிறம் பூசியதை மறைத்து, கீழ் வீட்டுத் தம்பியிடம் நல்ல கார்டை வாங்கிக்கொள்வதுதான் தப்பு. அவன் நாளைக்குக் கண்டுபிடித்தால் போவது கார்டு மட்டும் இல்லை. தினமும் லிஃப்டில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

அதனால் ஒரு யோசனை. நனைந்து காய்ந்தது, அழுத்தி நேராக்கியது, நிறம் பூசியது எதுவானாலும் ஒரு சின்னச் சீட்டில் எழுதி, கார்டு போடும் பிளாஸ்டிக் உறையின் வெளியே ஒட்டுங்கள். கார்டின் மேல் ஒட்டாதீர்கள். மாற்றிக்கொள்ளும்போது அந்தச் சீட்டும் கூடவே போகட்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ஆல்பம் வாங்கும்போது வாடை அடிக்கும் மெத்தென்ற பி.வி.சி. தாள் வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் தாளா என்று பார்த்து வாங்குங்கள். ரப்பர் பேண்ட் போடாதீர்கள், ஓரத்தில் பள்ளம் விழும். பால்கனி அலமாரியிலும், பாத்ரூம் சுவரை ஒட்டிய அலமாரியிலும் வைக்காதீர்கள்.

இப்போது உங்கள் டப்பாக்களைத் திறங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.