பொடாவை ஒழித்தவர்கள் செய்தது என்ன?

(மாவட்ட ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘தேசிய அரசியலும் நமது நிலையும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். விரித்துப் பேசினால் சுப்ஹு பாங்கு சொல்லும்வரை பேசலாம். அவ்வளவு நேரம் எடுக்கமாட்டேன். ஒரே ஒரு சட்டத்தைப் பற்றிப் பேசுகிறேன். அதன் பேரில் நான் ஒருவருக்குக் கொடுத்த வாக்குறுதி பொய்யாகிப்போன கதையையும் சொல்கிறேன்.

2004 நாடாளுமன்றத் தேர்தல். மதரஸாவில் ஓதி முடித்து ஊருக்கு வந்த புதிது. காங்கிரஸ், திமுக கூட்டணிக்காக சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் வாக்குக் கேட்டோம். எங்கள் தெருக்கோடியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கோயிலுக்குப் போகாதவர், பெரியாரையும் மார்க்ஸையும் படித்தவர். தினமும் இரண்டு பத்திரிகையை வரிவிடாமல் படிப்பவர். அவரிடமும் போய் நின்றேன்.

“பொடாவை எடுத்துடுவாங்களா தம்பி?” அவர் கேட்டது அது ஒன்றுதான்.

“கண்டிப்பா எடுப்பாங்க ஐயா, நான் பொறுப்பு” என்றேன். யாரைக் கேட்டுப் பொறுப்பேற்றேன் என்று இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அவர் நம்பினார். வாக்களித்தார்.

பொடா எப்படி வந்தது என்று இளைஞர்களுக்குத் தெரியாது. 2002 மார்ச் 21ஆம் தேதி மாநிலங்களவை அந்த மசோதாவைத் தோற்கடித்தது. வாஜ்பாய் அரசு விட்டதா? இரு அவைகளையும் கூட்டுக்கூட்டமாகக் கூட்டி, மார்ச் 26இல் 425க்கு 296 என்று நிறைவேற்றியது. காங்கிரஸ் எதிர்த்தது, இடதுசாரிகள் எதிர்த்தார்கள். நம்மூர்க் கட்சிகள்? அன்றைக்கு பாரதிய ஜனதா கூட்டணியில் இருந்த திமுகவும் மதிமுகவும் அரசின் பக்கம் நின்றன. நாலு மாதம் ஆகவில்லை. திருமங்கலத்தில் பேசிய பேச்சுக்காக, ஜூலை 11ஆம் தேதி வைகோ சென்னை விமான நிலையத்தில் வைத்துக் கைது செய்யப்பட்டார். எந்தச் சட்டத்தில்? அதே பொடாவில்! 19 மாதம் சிறையில் கிடந்தார். நான் எகத்தாளமாகச் சொல்லவில்லை சகோதரர்களே. அவருக்கு நடந்ததும் அநியாயம்தான். ஆனால் சட்டத்துக்கு ஆதரவாகக் கை தூக்கும்போது இது எவன் வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் என்று யோசிக்கவேண்டாமா?

2004 மே மாதம் ஆட்சி மாறியது. மன்மோகன் சிங் அரசின் குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டத்தில் பொடா ரத்து செய்யப்படும் என்று எழுதினார்கள். செப்டம்பர் 21இல் அவசரச் சட்டம் வந்தது. பொடா ஒழிந்தது! நாங்கள் இனிப்புக் கொடுத்தோம். ஆசிரியர் வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கொண்டுபோனேன். அவர் வாங்கவில்லை. பத்திரிகையை என் கையில் கொடுத்தார்.

“அதுக்குக் கீழே இருக்கிறதையும் படிங்க தம்பி.”

படித்தேன். அதே நாளில் இன்னொரு அவசரச் சட்டம். 1967இல் இந்திரா காந்தி காலத்தில் வந்த சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், உபா என்று சொல்கிறோமே, அதைத் திருத்தியிருந்தார்கள். பயங்கரவாதச் செயல் எது, பயங்கரவாத அமைப்பு எது என்று பொடாவில் இருந்த பகுதிகளெல்லாம் இதற்குள் குடிவந்திருந்தன.

நியாயமாகச் சொல்லவேண்டும். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கும் பொடாவின் கொடிய பிரிவை அவர்கள் கொண்டுவரவில்லை. ஜாமீனை இறுக்கும் பிரிவும் அப்போது வரவில்லை. அதை 2008 டிசம்பரில் கொண்டுவந்தார்கள். மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம், எதிர்த்துப் பேச எவருக்கும் தைரியமில்லை. மசோதாவைக் கொண்டுவந்த உள்துறை அமைச்சர் நம் சிவகங்கைத் தொகுதிக்காரர், ப. சிதம்பரம். குற்றப்பத்திரிகை இல்லாமலேயே 180 நாள் அடைத்துவைக்கலாம். 43டி(5) என்று ஒரு பிரிவு, மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். போலீஸ் வைக்கும் காகிதங்களைப் பார்த்த மாத்திரத்தில் குற்றச்சாட்டு உண்மை என்று நம்ப இடமிருந்தால் நீதிபதி ஜாமீன் தரக்கூடாது. விசாரணை முடிந்து நிரபராதி என்று வீட்டுக்கு வரும்போது பிள்ளைக்கு நரை விழுந்திருக்கும்.

இன்னொன்றை யாரும் சொல்வதில்லை. ராஜீவ் காந்தி அரசு 1985இல் கொண்டுவந்த தடாவுக்குக் காலக்கெடு இருந்தது. நாடாளுமன்றம் புதுப்பித்தால்தான் உயிர். 76,000 பேருக்கு மேல் பிடித்தார்கள், நூற்றுக்கு இரண்டு பேருக்குக்கூடத் தண்டனை வாங்கித்தர முடியவில்லை. நாடு முழுக்கக் கூக்குரல் எழுந்தது, 1995 மே மாதம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. பொடாவுக்கும் மூன்றாண்டுக் கெடுதான். 2004 அக்டோபரில் அதுவாகவே செத்திருக்கும்! சாகப்போகிற சட்டத்தைக் கொன்றுவிட்டு வெற்றி என்றார்கள். கெடுவே இல்லாத சட்டத்துக்கு அதன் உடைமைகளை எழுதிவைத்தார்கள். இதற்காகவா நான் சைக்கிள் மிதித்தேன்?

பிறகு ஆட்சி கைமாறியது. தீட்டிவைத்த கத்தி யார் கைக்குப் போனது என்று உங்களுக்கே தெரியும். 2019 ஏப்ரலில் தேர்தல் அறிக்கையில் தேசத்துரோகச் சட்டப் பிரிவை நீக்குவோம் என்று காங்கிரஸ் எழுதியது. நாமும் கைதட்டினோம். ஜூலை 24, மக்களவையில் உபா திருத்தம். அமைப்பைத்தான் என்றில்லாமல் தனி மனிதனையே, வழக்கு நடத்தாமலேயே, பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம் என்பது திருத்தம். காங்கிரஸ் வெளிநடப்பு செய்தது. ஆதரவு 287, எதிர்ப்பு 8. ஆகஸ்ட் 2, மாநிலங்களவை. 147க்கு 42. அங்கே காங்கிரஸ் வெளிநடப்புக்கூடச் செய்யவில்லை, ஆதரித்து வாக்களித்தது! ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் என்ன ஆனது? தோற்றுப்போனார்கள். தேசபக்தி இல்லாதவர்கள் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்தார்கள். நம் பயத்தைக் காட்டி வாக்கு வாங்குகிறார்கள், வாங்கியபின் தங்கள் பயத்துக்குத் தகுந்தபடி வாக்களிக்கிறார்கள்.

இது முஸ்லிம் பிரச்சினை என்று ஒதுங்குகிற முற்போக்கு நண்பர்களும் உண்டு. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்த பாதிரியார் ஸ்டேன் சுவாமி, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்தவர். 2020 அக்டோபரில், 83 வயதில் பிடித்துக்கொண்டு போனார்கள். நடுக்குவாதத்தால் கை நடுங்கும், தம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சுகுழாய் கேட்டு நீதிமன்றத்துக்கு மனுப்போட வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்கவில்லை. 2021 ஜூலை 5ஆம் தேதி கைதியாகவே இறந்துபோனார். 2016 முதல் 2019 வரை இந்தச் சட்டத்தில் கைதானவர்கள் 5,922 பேர், தண்டனை பெற்றவர்கள் 132 பேர் என்று மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

ஆசிரியரிடம் வருகிறேன். 2019 ஆகஸ்டுக்குப் பிறகு அவர் சொல்லிவிட்டார்: “இனிமே எனக்கு நோட்டாதான் ஹஜ்ரத். அவன் வந்தா ஆபத்துன்னு சொல்லியே இவன் எத்தனை தரம் என்னை வாங்குவான்?” என்னிடம் பதில் இல்லை. அவன் வந்தால் ஆபத்து என்பது உண்மை. அந்த உண்மையை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள் என்பதும் உண்மை. இருந்தாலும் நோட்டாவை நான் ஏற்கவில்லை. அந்தப் பொத்தானைப் பார்த்து எந்தத் தலைவருக்கும் தூக்கம் கெடவில்லை.

குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு. தேர்தல் வந்தால் தலைவர்கள் நம்மை அழைக்கிறார்கள். மேடையில் ஒரு நாற்காலி, தோளில் ஒரு சால்வை, நோன்புக் கஞ்சியோடு ஒரு புகைப்படம். 43டி(5) என்ன ஆனது என்று நம்மில் யாராவது கேட்டோமா? நான் கேட்கவில்லை. பள்ளிவாசல் ஜமாஅத்தில் சந்தாக் கணக்கில் நூறு ரூபாய் உதைத்தால் ஜும்ஆ முடிந்து முத்தவல்லியை மடக்கிக் கேட்கிற சமுதாயம் இது. நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர் எந்தப் பக்கம் கை தூக்கினார் என்று கேட்க மட்டும் கூச்சமா?

ஆகவே ஒரு வேலை தருகிறேன். அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் நம்மிடம் ஆதரவு கேட்டு வருகிற வேட்பாளர் எந்தக் கட்சியாக இருந்தாலும், எவ்வளவு நெருங்கிய தோழமையாக இருந்தாலும், 43டி(5) பிரிவை நீக்க வாக்களிப்பேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். மேடையில் வாயால் சொல்வதை எடுத்துக்கொள்ளாதீர்கள். கொடுத்தால் நோட்டீஸ் அடித்துத் தெருவில் ஒட்டுங்கள். கொடுக்க மறுத்தால் மறுத்தார் என்று அதையும் ஒட்டுங்கள். அதற்குப் பிறகும் அவருக்கே வாக்களிக்கும் நிலை வந்தால் வாக்களியுங்கள், ஆனால் சால்வை வேண்டாம், மேடை வேண்டாம். கிளைச் செயலாளர்கள் அந்தக் கடிதத்தின் வாசகத்தை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். நான் முதலில் அதை ஆசிரியரிடம் காட்டித் திருத்தி வாங்கவேண்டும். “நான் பொறுப்பு” என்று இரண்டாவது தடவை அவர் வாசலில் போய்ச் சொல்ல எனக்கு முகமில்லை.