கடைசி வரிசை முகமும் தெளிவாக

(இராஜபாளையம் அய்யனார் கோவில் அடிவாரத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



இங்கே சுற்றுலா வரும் எந்தப் பள்ளியும் குழுப்படம் எடுக்காமல் திரும்புவதில்லை. அந்தப் படத்தில் முன்வரிசை பளிச்சென்று இருக்கும். பின்னால் நிற்கும் உயரமான பிள்ளைகளின் முகம் மங்கியிருக்கும். சில வீடுகளில் அந்தப் பிள்ளைக்கென்று இருப்பது அந்த ஒரு படம்தான். கேமரா சரியில்லை என்போம். பெரும்பாலும் காரணம் லென்ஸின் துளை.

குவியத் தொலைவைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மி.மீ.; எஃப் 8 என்றால் 6 மி.மீ.க்குச் சற்று மேல். எண் கூடக்கூடத் துளை சிறுக்கும். ஒளியியல் நடத்துவோருக்கு நல்ல கரும்பலகைக் கணக்கு இது.

துளை பெரிதானால் ஒளி நிறைய வரும். ஆனால் தெளிவு விழும் ஆழம் குறையும். ஏ.பி.எஸ்.-சி சென்சார் உள்ள கேமராவில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து, 2 மீட்டர் தள்ளி ஒரு பிள்ளையை எடுத்தால் அந்த ஆழம் ஏறக்குறைய 11 செ.மீ.தான். கண் தெளிவாக விழும், காது மங்கும். எஃப் 4-இல் அது 24 செ.மீ. ஆகும், முகம் முழுதும் அடங்கிவிடும். மூன்று வரிசைக்கு எஃப் 8 வையுங்கள். நடுவரிசைக் கண்களில் குவியுங்கள். அதற்காக எஃப் 22 வரை போக வேண்டாம். துளை மிகச் சிறுத்தால் விளிம்பு விளைவால் படம் முழுவதுமே மழுங்கும்.

இது மலையின் கிழக்கு அடிவாரம். மாலையில் வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னே இறங்கிவிடும். முகத்தில் மரநிழல் திட்டுத்திட்டாக விழாத அந்த வெளிச்சம் படத்துக்கு அருமையானது, ஆனால் குறைவு. அப்போது துளையைத் திறக்காதீர்கள், ஐ.எஸ்.ஓ.வை உயர்த்துங்கள். ஷட்டர் வேகம் 1/125 நொடிக்குக் கீழே இறங்க வேண்டாம். பிள்ளைகள் சும்மா நிற்க மாட்டார்கள். படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தால் குடியா முழுகிவிடும்?

செல்பேசிதான் இருக்கிறது என்பவர்களுக்கு: அதில் துளை பெரும்பாலும் மாறாது. முகத்துக்கு மிக அருகில் நீட்டினால் மூக்கு பெருக்கும். இரண்டு மீட்டர் பின்வாங்கி 2 மடங்கு பெரிதாக்கி எடுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் வசதி எனக்குப் பிடிக்காது. ரிப்பனையும் தலையில் வைத்த பூவையும் பல நேரம் சேர்த்தே அழித்துவிடுகிறது.

சரி, கேமரா வைத்திருப்பவர்கள் எஃப் 8-க்குத் திருப்பிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் மூன்று வரிசையாக, நெருங்கி நில்லுங்கள். எடுத்ததும் திரையில் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியது கடைசி வரிசையை.