திரியும் கம்பிச் சுருளும்: மின் சிகரெட்டை வகுப்பறையில் எப்படிப் பேசுவது?

(செய்யாற்றில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



புகையிலை இல்லாப் பள்ளி என்ற தலைப்பில் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். உறுதிமொழி, பதாகை, ஓவியப் போட்டி எல்லாம் நம் பள்ளிகளில் ஏற்கெனவே நடந்துவருகின்றன. எனவே அவற்றைத் திரும்பச் சொல்லாமல், மின் சிகரெட் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மாணவர்கள் அதை ‘வேப்’ என்கிறார்கள். அதன் உள்ளே இருக்கும் இரண்டு சிறு பொருள்களைப் பற்றித்தான் பெரும்பாலும் பேசப்போகிறேன். ஒன்று திரி, மற்றொன்று கம்பிச் சுருள்.

அறிவியல் ஆசிரியர் என்பதால் இந்தப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதற்கு ஒரு காரணம் உண்டு. “பீடி பிடித்தால் புற்றுநோய் வரும்” என்றால் மாணவர் மறுத்துப் பேசுவதில்லை. மின் சிகரெட் என்றால் உடனே ஒரு பதில் வருகிறது: “அதில் புகையே இல்லை சார், வெறும் நீராவிதான்.” கைப்பேசியில் பார்த்த ஏதோ ஒரு காணொலி அவருக்கு அப்படிச் சொல்லித் தந்திருக்கிறது. இந்தப் பதிலுக்கு முன்னால் நம் முழக்கங்கள் நிற்பதில்லை. ஆனால் நம் பாடப்புத்தகம் நிற்கும்.

இது நம் ஊர்ப் பிரச்சினையா?

இந்தியாவில் 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களிடம் 2019இல் எடுக்கப்பட்ட உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, ஏதேனும் ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்தியவர்கள் 8.5 சதவீதம். மின் சிகரெட்டை ஒருமுறையேனும் முயன்று பார்த்தவர்கள் 2.8 சதவீதம். ஆகவே நம் முதல் எதிரி இன்னும் பீடியும், சிகரெட்டும், வாயில் ஒதுக்கும் புகையிலைப் பொட்டலமும்தான். அதை மறந்துவிட்டு மின் சிகரெட்டை மட்டும் துரத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

ஆனாலும் இதைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. பீடி வாசனை காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கருவியோ பேனாவைப் போலவும், பென்டிரைவைப் போலவும், எழுத்தைக் கோடிட்டுக் காட்டும் வண்ணப் பேனாவைப் போலவும் வருகிறது. மாம்பழ வாசனையும் புதினா வாசனையும் அடிக்கிறது. கையில் எடுத்துப் பார்த்தாலும் என்னவென்று நமக்குத் தெரியாமல் போகலாம். செய்யாற்றிலிருந்து காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் நாள் முழுக்கப் பேருந்து இருக்கிறது. இது பெருநகரத்துச் சங்கதி என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது.

திரி: கார்த்திகை தீபம் கற்றுத்தரும் பாடம்

மின் சிகரெட்டின் அமைப்பு எளிது. ஒரு மின்கலம், ஒரு சிறு கலத்தில் திரவம், அந்தத் திரவத்தில் தோய்ந்த திரி, திரியைச் சுற்றி ஒரு கம்பிச் சுருள். மின்னோட்டம் பாய்ந்ததும் சுருள் சூடாகிறது. திரியில் ஏறிய திரவம் ஆவியாகிறது. திரிக்குப் பருத்திப் பஞ்சு அல்லது சிலிக்கா இழை பயன்படுகிறது. சில கருவிகளில் நுண்துளைகள் கொண்ட பீங்கானும் உண்டு.

திரியில் திரவம் ஏன் ஏறுகிறது? எட்டாம் வகுப்பில் பரப்பு இழுவிசை நடத்துகிறோம் அல்லவா, அதன் தொடர்ச்சியே நுண்புழை ஏற்றம். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இதற்கு எடுத்துக்காட்டு தேடி அலைய வேண்டியதில்லை. திருவண்ணாமலை மலையுச்சிக் கொப்பரையில் காடாத் துணித் திரியில் நெய் ஏறி எரியும் மகா தீபத்தை நம் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். அங்கே நடப்பதும், வீட்டு அகல்விளக்கில் நடப்பதும், சுவரில் செருகும் கொசுவிரட்டித் திரவக் குப்பியின் குச்சியில் நடப்பதும் ஒரே செயல்தான்.

இதை வகுப்பில் செய்து காட்ட இரண்டு சோதனைகள் போதும். வீட்டுத் தலையணையிலிருந்து எடுத்த பஞ்சு ஒரு துணுக்கு, மருந்துக்கடைப் பஞ்சு ஒரு துணுக்கு. இரண்டையும் தண்ணீரில் போடுங்கள். முதலாவது மிதக்கும்; இரண்டாவது தண்ணீரைக் குடித்து அமிழும். பஞ்சில் இயற்கையாக இருக்கும் மெழுகை நீக்கிவிட்டுத்தான் மருத்துவப் பஞ்சைத் தயாரிக்கிறார்கள். இதைச் சொன்னதும் ஆரணிப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் தாமாகவே பேசத் தொடங்குவார்கள். கச்சாப் பட்டைச் சோப்புக் கரைசலில் கொதிக்கவைத்து, அதன் மேலுள்ள செரிசின் என்னும் பசையை எடுத்த பிறகுதானே சாயம் போடுகிறார்கள்? இழையின் மேலுள்ள பூச்சு மாறினால் அது திரவத்தை ஏற்கும் விதமும் மாறும் என்பதை அந்தப் பிள்ளைகளின் வீட்டுத் தொழிலே அறிந்திருக்கிறது.

இரண்டாவது சோதனை: காடாத் துணி, பட்டு நூல் சிட்டத்தின் மிச்சம், நைலான் கயிறு ஆகிய மூன்றையும் வண்ண நீரில் தொங்கவிட்டு, பத்து நிமிடத்தில் ஒவ்வொன்றிலும் எவ்வளவு உயரம் நீர் ஏறியது என்று அளக்கச் சொல்லுங்கள். விடையை நாம் முன்கூட்டிச் சொல்லாமல் இருப்பதே நல்லது.

சுருள்: மாணவர் தடுமாறும் கணக்கு

சுருளுக்குப் பயன்படுவது பெரும்பாலும் நிக்ரோம் அல்லது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த காந்தால் என்னும் உலோகக்கலவை. 1906இல் ஆல்பர்ட் மார்ஷ் காப்புரிமை பெற்ற நிக்ரோம்தான் நம் இஸ்திரிப் பெட்டியிலும் இருக்கிறது. இதன் மின்தடை எண் தாமிரத்தைப்போல 60 மடங்குக்கும் மேல். சூடானதும் மேற்பரப்பில் குரோமியம் ஆக்சைடு படலம் உருவாகிக் கம்பியைக் காக்கிறது.

பத்தாம் வகுப்பில் ஜூல் வெப்ப விதி நடத்தும்போது ஒரு தடுமாற்றம் வரும். வெப்பம் என்பது மின்னோட்டத்தின் இருமடி, மின்தடை, நேரம் ஆகியவற்றின் பெருக்கம். எனவே மின்தடை கூடினால் வெப்பம் கூடும் என்று மாணவர் எழுதிவிடுவார். மின்னோட்டம் மாறாதிருந்தால் மட்டுமே அது சரி. மின்னழுத்தம் மாறாதிருந்தால் கணக்கு தலைகீழ். 230 வோல்ட்டில் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் மின்தடை சுமார் 53 ஓம். 500 வாட் பெட்டிக்குச் சுமார் 106 ஓம். திறன் அதிகமான பெட்டிக்குத்தான் மின்தடை குறைவு.

இதையே 3.7 வோல்ட் லித்தியம் மின்கலத்துக்குப் போட்டுப் பாருங்கள். 1.85 ஓம் இணைத்தால் 2 ஆம்பியர், 7.4 வாட். மின்தடையை 0.37 ஓம் ஆகக் குறைத்தால் 10 ஆம்பியர், 37 வாட். மின்தடை ஐந்தில் ஒன்றாகக் குறைந்தது. திறன் ஐந்து மடங்காயிற்று. கம்பியைத் தானே சுற்றி, பஞ்சைத் தானே செருகிக்கொள்ளும் வகைக் கருவிகளில் ஆபத்து புகும் வழி இதுதான். சுருளின் இரு வளையங்கள் தொட்டுக்கொண்டாலும் மின்தடை சரிந்துவிடும். தாங்க முடியாத மின்னோட்டத்தைக் கேட்டால் லித்தியம் மின்கலம் சூடேறித் தீப்பிடிக்கவும் வெடிக்கவும் கூடும். சட்டைப் பையில் இருக்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை மாணவரே சொல்லிவிடுவார்.

“வெறும் நீராவிதானே?”

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். அந்தத் திரவத்தில் பெரும்பகுதி தண்ணீர் அல்ல. புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசராலும்தான். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். புரோப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரியில், கிளிசரால் 290 டிகிரியில். இட்லிப் பானையிலிருந்து வருவது நீராவி. சுருளிலிருந்து வருவது இந்த வேதிப்பொருள்களின் நுண்துளிகள். அதனோடு நிகோடினும் வாசனைப் பொருள்களும் சேர்ந்து வருகின்றன.

சூடு கூடினால் இவை சிதைகின்றன. கிளிசராலிலிருந்து நீர் மூலக்கூறுகள் நீங்கினால் அக்ரோலின். எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்கும் நெடி இருக்கிறதே, அதில் இருப்பது இதுதான். ஃபார்மால்டிஹைடும் அசிட்டால்டிஹைடும் உருவாகின்றன. நம் ஆய்வகத்தில் மாதிரிகளைக் கெடாமல் வைத்திருக்கும் ஃபார்மலின், ஃபார்மால்டிஹைடின் நீர்க்கரைசல்தான். அதை யாராவது முகர்ந்து பார்க்க விடுவோமா?

திரி நனைந்திருக்கும்வரை சூட்டுக்கு ஓர் எல்லை இருக்கும். காகிதக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி மெழுகுவத்தியின் மேல் பிடித்தால் கோப்பை எரியாமல் தண்ணீர் சூடாவதைக் காட்டியிருப்போம். தண்ணீர் வற்றிய கோப்பை எரிந்துவிடும். திரியும் அப்படியே. திரவம் ஏறும் வேகத்தைவிட ஆவியாகும் வேகம் கூடினால் பஞ்சு காய்ந்து கருகுகிறது. கருகிய புகை நேரே நுரையீரலுக்குப் போகிறது.

இந்தக் கருவி வைத்திருப்போர் ‘பராமரிப்பு’ என்று ஒன்றைச் சொல்வார்கள். பஞ்சை அடிக்கடி மாற்ற வேண்டும்; சுருளின் மேல் படியும் கறுப்புப் பசையைச் சுத்தம் செய்ய வேண்டும்; இனிப்புச் சேர்த்த திரவம் என்றால் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டும். மாணவர் முன் நாம் வைக்க வேண்டிய கேள்வி இங்கேதான் இருக்கிறது. வெறும் நீராவி என்றால் கம்பி ஏன் கறுக்கிறது? சுருளில் படிந்தது கண்ணுக்குத் தெரிகிறது. படியாமல் போனது எங்கே போயிற்று? சுருளை மாற்றிவிடலாம். நுரையீரலை?

சுருளும் சும்மா இருப்பதில்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 பயனாளர்களின் கருவிகளைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, சுருளைத் தொட்ட பிறகு திரவத்திலும் ஆவியிலும் ஈயம், நிக்கல், குரோமியம், மாங்கனீசு போன்ற உலோகங்கள் இருந்ததைக் காட்டியது.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் பெரும் நுரையீரல் பாதிப்பு வெளிப்பட்டது. 2020 பிப்ரவரி வரை 2807 பேர் பாதிக்கப்பட்டு, 68 பேர் இறந்தனர். பலருடைய திரவத்தில் கஞ்சாச் சத்தைக் கரைப்பதற்காக வைட்டமின் ஈ அசிட்டேட் சேர்க்கப்பட்டிருந்தது. இங்கே நாம் நேர்மையாக இருக்க வேண்டும். எல்லா மின் சிகரெட்டும் அப்படி உடனே கொல்லும் என்று சொல்லக் கூடாது. சாப்பிடும்போது தீங்கு செய்யாத ஒன்று, சூடாக்கி உள்ளிழுக்கும்போது கொல்லலாம் என்பதே அதில் உள்ள பாடம். மிகைப்படுத்தி ஒன்றைச் சொல்லி மாணவர் அதைப் பொய் என்று கண்டுகொண்டால், அதன்பின் நாம் சொல்லும் உண்மையையும் நம்பமாட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு 2018லேயே மின் சிகரெட்டைத் தடை செய்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 மே மாதம் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அவசரச் சட்டமும், டிசம்பரில் மின் சிகரெட் தடைச் சட்டமும் வந்தன. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் ஆகியவற்றுக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் வரை அபராதமும். இருப்பு வைத்தாலும் தண்டனை உண்டு. குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை கடுங்காவல். பள்ளியைச் சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கவும் தடை உள்ளது.

இந்தச் சட்டங்களின் முதன்மை இலக்கு விற்பவர்தான். நம் கையில் இருப்பவரோ பிள்ளை. இந்த வேறுபாட்டை நாம் விட்டுவிடக் கூடாது.

கருவி கையில் கிடைத்தால்

வகுப்பறையில் அனைவர் முன்னிலையில் விசாரிக்க வேண்டாம். கருவியைத் திறக்கவோ, அழுத்திப் பார்க்கவோ வேண்டாம். நிகோடின் திரவம் தோல் வழியாகவும் உடலில் சேரும். சிறு குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள். பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசுங்கள். “ஏன் செய்தாய்?” என்று கேட்பதற்கு முன், “இது இல்லாமல் ஒரு நாள் இருக்க முடிகிறதா?” என்று கேளுங்கள். நிகோடின் ஒழுக்கக் குறைவு அல்ல, பழக்க அடிமைத்தனம். வளரும் மூளையை அது எளிதில் பிடித்துக்கொள்ளும். பிடிபட்ட மாணவரைப் பள்ளியைவிட்டு அனுப்பினால், அவர் போய்ச் சேரும் இடம் அந்தக் கருவியை விற்றவரின் பக்கம்தான்.

உதவிக்குத் தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் 1800 11 2356. மனநல ஆலோசனைக்கு 14416. குழந்தைகள் உதவி எண் 1098. இந்த மூன்றையும் அறிவிப்புப் பலகையில் எழுதிவைப்போம்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் மின் சிகரெட் என்ற சொல்லே வர வேண்டாம். அகல்விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதையும், இட்லிப் பானையில் ஆவி எழுவதையும் கவனிக்கப் பழக்கினால் போதும். “ஏன்?” என்று கேட்கப் பழகிய பிள்ளை, பின்னாளில் கைப்பேசிக் காணொலியைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்கும். உயர்நிலை வகுப்புகளில் கொசுவிரட்டிக் குப்பியின் படத்தை வரைந்து திரியையும் வெப்பச் சுருளையும் விளக்குங்கள். கருவியை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. அதற்குள் என்ன நடக்கிறது என்பது புரிந்தால் போதும்.

அடுத்த வாரம் உங்கள் வகுப்பில் அந்த இரண்டு துணுக்குப் பஞ்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். பேச்சு அங்கிருந்து தானாகத் தொடங்கும்.