ரேடாருக்கு எட்டாத சாம்பல்

1982 ஜூன் 24, இரவு நேரம். லண்டனில் கிளம்பி, பம்பாய், மதராஸ், கோலாலம்பூர் என்று தொட்டுக்கொண்டு பெர்த் நகரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது ஒரு ஜம்போ ஜெட். ஜாவா தீவுக்குத் தெற்கே அதன் நான்கு என்ஜின்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் விமானம் நுழைந்திருந்தது. ரேடார் திரையிலோ ஒன்றுமே தெரியவில்லை. சாம்பலுக்குக் கீழே இறங்கியதும் என்ஜின்கள் மறுபடி ஓடின, ஜகார்த்தாவில் எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள்.

ரேடார் ஏன் கோட்டைவிட்டது? அதன் அலைநீளம் சென்டிமீட்டர் கணக்கு. மழைத்துளியில் பட்டால் திரும்பி வரும். காய்ந்த, மாவு போன்ற சாம்பல் அதற்கு இருந்தும் இல்லாத மாதிரிதான். அவ்வளவு நுண்ணிய துகளைப் பிடிக்க அலையும் குட்டையாக இருக்கவேண்டும். அதாவது ஒளி வேண்டும். லேசர் ஒளியால் அளக்கும் லைடார் என்ற கருவி வேலைசெய்வது இப்படித்தான்.

தரையிலிருந்து வானத்தை நோக்கி லேசர் ஒளியைக் கண்ணிமைக்கும் நேரத்தைவிட எத்தனையோ மடங்கு குறுகிய துடிப்புகளாக அனுப்புகிறார்கள். வழியில் தூசி, புகை, மேகம் எது குறுக்கிட்டாலும் கொஞ்சம் ஒளி சிதறித் திரும்புகிறது. பக்கத்தில் உள்ள தொலைநோக்கி அதைப் பிடிக்கிறது. போய்த் திரும்ப ஒரு மைக்ரோசெகண்ட் ஆனால், அந்தப் பொருள் 150 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று அர்த்தம். திருப்பதிப் பக்கம் காதங்கியில் 1998-இல் இப்படி ஒரு பச்சைக் கதிரை மேலே அனுப்பத் தொடங்கினார்கள்.

உயரம் தெரிந்துவிட்டது, சரி. அங்கே இருப்பது என்ன? லேசர் ஒளி ஒரே தளத்தில் அதிரும். உருண்டையான நீர்த்துளி அதை அப்படியே திருப்பி அனுப்பும். கோணல்மாணலான சாம்பல் துகளும் பனிப்படிகமும் அந்தத் தளத்தைக் கலைத்துவிடும். எவ்வளவு கலைந்தது என்று அளந்தால் துகளின் வடிவம் பிடிபடும். இந்தக் கருவியில் என்னை அசரவைப்பது இதுதான்: பல கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் துகளைத் தொடாமலே அதன் வடிவத்தைச் சொல்லிவிடுகிறது.

2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எய்யாஃபியாட்லயோகுட்ல் எரிமலை வெடித்தது. (உலகத்துச் செய்தி வாசிப்பாளர்கள் அத்தனை பேரையும் திணறடித்த பெயர், நானும் தப்பவில்லை.) ஐரோப்பிய வான்வழிகளில் பெரும்பகுதி பல நாள் மூடப்பட்டது. 16-ஆம் தேதி ஹாம்பர்க், லைப்சிக் லைடார்களில் சாம்பல் படலம் ஐந்தாறு கிலோமீட்டர் உயரத்தில் தென்பட்டு, சில மணி நேரத்துக்குள் கீழே சரிந்து வந்தது. மேகத்தின் அடிமட்டத்தை அளக்க விமான நிலையங்களில் வைத்திருந்த எளிய லேசர் கருவிகள்கூட அதைக் காட்டின.

அதுவரை சாம்பல் இருந்தாலே பறக்கக்கூடாது என்பது வழக்கம். அந்த வாரத்தில் விதி மாறியது: ஒரு கனமீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் வரை பறக்கலாம் என்றார்கள். திரும்பி வந்த ஒளியை மில்லிகிராமாக மாற்றுவது லேசான வேலை இல்லை. துகளின் பருமனையும் அடர்த்தியையும் ஊகிக்கவேண்டும், அதில் பிழை கணிசமாக வரும். அடர்ந்த மழைமேகம் வந்து மறைத்தாலோ, லேசர் அதைத் தாண்டிப் போகவே போகாது. ஆகவே ஒரே இடத்துக் கருவியை நம்பினால் ஆகாது. பிற்பாடு பிரிட்டன் வானிலைத் துறை பத்து லைடார்களை நாடெங்கும் அமைத்தது. ஒன்பது நிலையானவை, பத்தாவதை மட்டும் வேண்டிய இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போகலாம்.