வேகம் குறைந்ததை யார் பார்ப்பது?

(ஆலைவாயில் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

ஆலையில் ஒருவனுக்குக் கை போனால் முதலில் எழுதப்படுவது என்ன? "தொழிலாளியின் கவனக்குறைவு." அத்துடன் விசாரணை முடிந்தது! அந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கும் என்பதற்கு ஒரு விமான விபத்தைச் சொல்கிறேன்.

2002 அக்டோபர் 25. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து செனட்டர் பால் வெல்ஸ்டோன், வாடகைக்கு எடுத்த சிறு விமானத்தில் வடக்கே இரும்புச் சுரங்க வட்டாரத்திற்குப் புறப்பட்டார். அவர் கம்யூனிஸ்ட் அல்ல, ஜனநாயகக் கட்சிக்காரர். ஆனால் தொழிற்சங்கங்களின் பக்கம் நின்றவர். இராக் மீது போர் தொடுக்க அதிகாரம் தரும் தீர்மானத்தை அந்த மாதம்தான் எதிர்த்து வாக்களித்தார். தேர்தலுக்கு 11 நாட்களே பாக்கி. இருந்தும், ஒரு முன்னாள் எஃகுத் தொழிலாளியின் சவ அடக்கத்திற்குப் போனார்.

மேகம் தாழ்ந்து கிடந்தது. எவலெத் ஊரில் இறங்க முயன்ற விமானம், ஓடுபாதைக்குச் சுமார் 2 மைல் தூரத்தில் காட்டில் விழுந்து எரிந்தது. செனட்டர், அவர் மனைவி, மகள், உதவியாளர்கள் மூவர், விமானிகள் இருவர் - 8 பேரும் மாண்டனர்.

சதி என்று பலர் பேசினார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் கோபம் ஆதாரமாகாது. விசாரணை சொன்னது வேறு. காற்றைக் கிழித்து ஓடும் வேகம்தான் விமானத்தைத் தாங்குகிறது. வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் இறக்கை தாங்காது, கல்லாய் விழும். இறங்கும் நேரத்தில் வேகம் குறைந்துகொண்டே போயிற்று. இரு விமானிகளும் கவனிக்கவில்லை.

கவனக்குறைவுதானே என்பீர்கள். 2003-இல் வெளியான அறிக்கை அதோடு நிற்கவில்லை, தோழர்களே! கம்பெனி தன் நடைமுறைகளை விமானிகளுக்குச் சரிவரச் சொல்லித்தரவில்லை. ஒருவர் தவறினால் மற்றவர் தடுக்கும் கூட்டு வேலைப் பயிற்சியையும் முறைப்படி தரவில்லை. மேற்பார்வை செய்ய வேண்டிய அரசு இலாகா அதைக் கண்டுபிடிக்கவும் இல்லை. அந்தப் பயிற்சி வாடகை விமானங்களுக்குக் கட்டாயம் என்ற விதி 2011-இல்தான் பிறந்தது!

ஆகவே, தறியோ கதிரடிக்கும் யந்திரமோ, விபத்து நடந்தால் அந்தக் காகிதத்தில் கைநாட்டு வைக்குமுன் கேளுங்கள்: பயிற்சி கொடுத்தது யார்? மேற்பார்வை செய்தது யார்? அடுத்த விபத்தைத் தடுக்கும் விதி எப்போது வரும்? பதில் கிடைக்கும்வரை கலையாதீர்கள்!