கண்ணாடி மணி
(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியின் பெருமை குறித்து எனக்கு முன் பேசிய அறிஞர் பெருமக்கள் நன்கு எடுத்துரைத்துவிட்டார்கள். ஆகவே நான் மிகச் சிறிய பொருள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்கிறேன். அது கடுகினும் சற்றே பெரியது. சந்தையில் தரையில் விரித்த துணியின்மேல் சரம் சரமாகக் கிடப்பது. ஏட்டில் அதைக் கண்ணாடி மணி என்பர். நம் வீடுகளில் பாசிமணி என்போம்.

என் அன்னையார் கழுத்தில் அத்தகைய மணிச்சரம் ஒன்று இருந்தது. கருமணிகளுக்கு இடையிடையே சிவப்பு மணி கோத்தது. நிலக்கடலை பறித்த கூலியில், சின்னசேலம் சந்தையில் அவரே பார்த்து வாங்கியது. நான் ஏழாம் வகுப்பில் பயின்றபோது, கல்வி உதவித்தொகைக்கான படிவத்தில் கைந்நாட்டு வைக்க அவர் பள்ளிக்கு வந்தார். அங்கிருந்த ஒருவர் அவர் கழுத்தைப் பார்த்துவிட்டு, மற்றொருவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். சொன்னது என் காதில் விழவில்லை, சிரிப்பு விழுந்தது. அன்று மாலை நான் வீட்டுக்குச் சென்று, "அம்மா, இனி அந்தப் பாசியைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வராதே" என்றேன். அவர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. சரத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டார். அதற்குப் பின் அதை அவர் அணிந்து நான் கண்டதில்லை.

சிரித்தவரை நான் மறந்துவிட்டேன். கழற்றச் சொன்ன என்னை மறக்க இயலவில்லை.

நான் ஆசிரியனான பின்னர், மாணவர்களை அழைத்துக்கொண்டு ஒருமுறை புதுச்சேரி அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். அங்கே அரிக்கமேட்டில் கிடைத்த பொருள்களைக் காட்சிக்கு வைத்துள்ளனர். கண்ணாடிப் பேழைக்குள் சிவப்பும் நீலமும் பச்சையும் கருமையுமாகச் சிறுசிறு மணிகள். என் அன்னையார் பானைக்குள் போட்ட அதே மணிகள் என்றே தோன்றியது. நெடுநேரம் அவ்விடத்தை விட்டு அகலாமல் நின்றேன்.

அரிக்கமேடு புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ளது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழாய்வு நடத்தினார். அவருக்குப் பின் கசால் என்னும் பிரெஞ்சு அறிஞரும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையாரும் ஆய்ந்தனர். உரோம நாட்டுச் சாடிகள் கிடைத்தமையால் அவ்வூர் புகழ்பெற்றது. ஆயினும் அவ்வூரின் சொந்தக் கைவேலை மணி செய்தலே. கடலூரை அடுத்த காரைக்காட்டிலும் இத்தொழில் நடந்த தடயங்கள் உள்ளன. இவையெல்லாம் நம் ஊரிலிருந்து காலையில் பேருந்து ஏறினால் இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய தொலைவில் உள்ள இடங்களே.

இத்தகைய மணிகள் கிழக்கே தாய்லாந்து, வியட்நாம், கொரியா வரையிலும், மேற்கே ஆப்பிரிக்கா வரையிலும் மண்ணுக்கடியில் கிடைக்கின்றன. கொரிய மன்னர் ஒருவரின் ஆறாம் நூற்றாண்டுக் கல்லறையிலும் இவ்வகை மணிகள் இருந்தன. மணிகளை ஆராய்ந்த பீட்டர் பிரான்சிசு என்னும் அமெரிக்க அறிஞர் இவற்றுக்கு 'இந்திய-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார். எல்லாம் அரிக்கமேட்டிலேயே செய்தவை அல்ல. இலங்கையின் மாந்தை போன்ற பிற துறைமுகங்களிலும் இத்தொழில் நடந்தது. செய்முறை மட்டும் ஒன்றே.

அச்செய்முறையை மாணவர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். மணலையும் உவர்மண்ணையும் கடுந்தீயில் உருக்கினால் கண்ணாடிப் பாகு கிடைக்கும். செம்பு சேர்த்தால் நீலப்பச்சை நிறம் வரும். அதே செம்பை, காற்று மிகாமல் உலையை அடக்கி எரித்தால் செந்நிறம் தரும். கோபால்ட்டு கருநீலம் தரும். இரும்பு பச்சையோ கருமையோ தரும். இது வேதியியல் பாடமன்றி வேறென்ன?

இனி அதில் துளையிட வேண்டுமே! ஒவ்வொரு மணியாகத் துளைத்தால் ஓர் ஆயுளில் எத்தனை மணி செய்ய முடியும்? அம்மக்கள் துளையை முதலில் உண்டாக்கினர். மணியைப் பிறகு உண்டாக்கினர். ஆந்திரத்தில் திருப்பதிக்கு அருகிலுள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் வழக்கில் இருந்ததை ஆய்வாளர்கள் நேரில் கண்டு எழுதியுள்ளனர். நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் பாகைப் பெருங்கூம்பாகத் திரட்டுவர். அதனுள் இரும்புக் கம்பியைச் செலுத்திக் குடைவு உண்டாக்குவர். கூம்பை உலையினுள் வைத்து, எதிர்ப்புறமிருந்து ஒருவர் கொக்கியால் அதன் நுனியைப் பற்றி இழுப்பார். கூம்பினுள் இருந்த குடைவும் கூடவே நீளும். கூம்பு தீரும்வரை நிறுத்தாமல் இழுக்க வேண்டும். சற்று விரைந்தால் குழல் மெலியும்; சற்றுத் தாமதித்தால் பருக்கும். இவ்வாறு வைக்கோல் போன்ற கண்ணாடிக் குழல்கள் கிடைக்கும். அவற்றைக் கூரிய இரும்பின்மேல் வைத்துச் சிறு துண்டுகளாக நறுக்குவர். துண்டின் ஓரம் கையைக் கிழிக்குமாதலால், சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றுவர். ஓரம் மழுங்கி உருண்டையாகும். துளைக்குள் புகுந்த சாம்பல் அது அடைபடாமல் காக்கும். பின்னர் சலித்து, கழுவி, நூலில் கோப்பர்.

இதில் எந்தப் படி தவறினாலும் மணி இல்லை. இதற்கு அளவுகோல் இல்லை, வெப்பமானி இல்லை. கண்ணும் கையுமே கருவி.

அருங்காட்சியகத்தில் இதை நான் விளக்கி முடித்ததும், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான்: "ஐயா, இதைச் செய்தவர்கள் என்ன சாதி?"

அந்த வயதில் அவன் உள்ளத்தில் முதலில் எழுந்த வினா அது. அவனைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. "தெரியாது தம்பி, மணியில் அது எழுதப்படவில்லை" என்றேன். அவர்கள் நம் முன்னோரே என்று உரிமை கொண்டாட நான் இம்மேடைக்கு வரவில்லை. சான்று இல்லாததை ஆசிரியன் சொல்லலாகாது. செய்தவர் எவராயினும் அவர்தம் அறிவு பேரறிவு என்பது மட்டும் உறுதி.

அவ்வறிவின் விளைவு பிற்காலத்தில் எங்ஙனம் பயன்பட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பிய வணிகர் கண்ணாடி மணிகளையும் விலைப்பொருளாகக் கொடுத்து ஆப்பிரிக்காவில் மனிதர்களை அடிமைகளாக வாங்கினர். நம் அண்டை நாடாக இருந்த திருவிதாங்கூரில் புலையர் குலப் பெண்கள் கல்லும் கண்ணாடியும் கோத்த மாலையைச் சாதி அடையாளமாகக் கட்டாயம் அணிய வேண்டும் என்னும் வழக்கம் இருந்தது. வேறு நகை கூடாது. 1915-இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் அதை எதிர்த்துக் கிளர்ச்சி மூண்டது. எளியோரின் குடிசைகள் எரிந்தன. அவ்வாண்டின் இறுதியில் கொல்லத்தில் நடந்த கூட்டத்தில், அய்யன்காளி அவர்களின் அழைப்பை ஏற்று, பெண்கள் மேடைக்கு முன் தம் மாலைகளை அறுத்துக் குவித்தனர். அந்த அய்யன்காளி யார்? நம் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளும் வரை வயலில் இறங்கோம் என்று உழவுத் தொழிலாளரைத் திரட்டி நின்றவர்.

நம் தமிழகத்திலோ இதன் மறுபக்கம் நிகழ்ந்தது. 1930-இல் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியலாகாது என்பது அவற்றுள் ஒன்று. மறு ஆண்டு அத்தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது என்பது புதிதாகச் சேர்ந்தது. நகையையும் எழுத்தையும் ஒரே பட்டியலில் வைத்துத் தடுத்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள்! கழுத்தில் எதை அணிவது என்று தானே முடிவு செய்பவர், நாளை கூலி எவ்வளவு என்பதையும் தானே கேட்பார் அல்லவா?

ஓரிடத்தில் மாலையை அறுத்தெறிந்தது விடுதலை. மற்றோரிடத்தில் நகை பூண்டது விடுதலை. ஆகவே இழிவு மணியில் இல்லை, கட்டாயத்தில்தான் இருந்தது. என் அன்னையார் தம் கூலியில் தாமே விரும்பி வாங்கிய சரத்தை, பிறர் சிரிப்புக்கு அஞ்சிக் கழற்றச் சொன்னேனே, அப்போது அந்தக் கட்டாயத்தின் கையாளாக நின்றவன் நான். படித்தவன் என்ற செருக்கு எனக்கு அன்றே தொடங்கியிருந்தது.

நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்றோர் ஊர் உண்டு. அங்கே ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் கல்மணிகள் செய்தனர். அவ்வூரிலேயே, தமிழி எழுத்தில் பெயர்கள் கீறிய பானை ஓடுகளும் நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. கைத்தொழிலும் எழுத்தும் ஒரே ஊரில் ஒருங்கே வாழ்ந்திருக்கின்றன. கையால் உழைப்பவனுக்கு எழுத்து எதற்கு என்பது பின்னர் வந்த சூழ்ச்சி. எழுத்தறிந்தவனுக்குக் கைவேலை எதற்கு என்பது அதற்குப் பிறந்த குழந்தை. முன்னதை இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக எதிர்த்து வருகிறது. பின்னதையும் எதிர்க்க வேண்டுகிறேன்.

கழகத்தாருக்கு ஒரு சிறு விண்ணப்பம். தையற் பயிற்சியோடு மணி கோக்கும் பயிற்சியையும் சேர்க்கலாம். நூல், கம்பி, கொக்கி, சிறு குறடு ஆகியவையே முதற்பொருள். நாமே மணி செய்ய விரும்பினால், எரிவாயு விளக்கில் கண்ணாடிக் கோலை உருக்கி, களிமண் பூசிய கம்பியில் சுற்றும் எளிய முறையும் உண்டு. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி கட்டாயம் வேண்டும். சுட்ட மணியைச் சட்டென்று குளிரவிட்டால் விரிசல் காணும்; சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். அத்துடன் அடக்கவிலை, விற்பனை விலை, வங்கிக் கணக்கு ஆகியவற்றையும் அப்பெண்களுக்குக் கற்பியுங்கள். கணக்கு அறியாத கைத்தொழில் தரகருக்கே பொருள் சேர்க்கும்.

என் அன்னையார் மறைந்த பின், அவர் பெட்டியில் அச்சரம் பழந்துணியில் முடிந்து கிடந்தது. நூல் இற்றுப் போயிருந்தது. மணிகளின் நிறம் மங்கவில்லை. என் மகள் அவற்றைப் புதுநூலில் கோத்து அணிந்துகொண்டாள். அவளை எவரும் கட்டாயப்படுத்தவில்லை; எவரும் தடுக்கவும் இல்லை. இக்கழகத்தின் பொன்விழாவுக்குள் நம் பெண்மக்கள் அனைவரும் அந்நிலை எய்துவார்களாக என்று வாழ்த்துகிறேன்.