பிழைக்கு உரை எழுதும் குறும்பு



நகைச்சுவை பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் விண்வெளிக்குப் போகிறேன். பயப்படாதீர்கள், சீக்கிரம் திரும்பிவிடுவேன்.

‘ஸ்டார் வார்ஸ்’ படங்களைக் கிண்டல் செய்தவர்கள் ஏராளம். 1987இல் மெல் புரூக்ஸ் ‘ஸ்பேஸ்பால்ஸ்’ எடுத்தார். வில்லனின் தலையில் பூதாகரமான கவசம் ஒன்றைக் கவிழ்த்தார், கொட்டகை சிரித்தது. அது ஊதிப் பெரிதாக்கும் கேலி. நான் சொல்ல வந்தது வேறு ரகம்.

2007இல் ஆஸ்திரேலியாவின் டேவிட் மார்கன்-மார் நண்பர்களோடு சேர்ந்து ‘டார்த்ஸ் அண்ட் டிராய்ட்ஸ்’ என்ற இணையப் படக்கதையைத் தொடங்கினார். ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களை வைத்து ஷேமஸ் யங் போட்டுக்கொடுத்த பாதை அது. ஓவியம் கிடையாது. சினிமாக் காட்சிகளையே அடுக்கிவைத்துப் பேச்சை மட்டும் மாற்றுகிறார்கள். இவர்கள் கற்பனையில் ஸ்டார் வார்ஸ் என்று ஒரு படமே வரவில்லை! சில நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடுகிறார்கள். அவர்கள் வாய்க்கு வந்தபடி வளர்க்கும் கதைதான் அந்தக் காட்சிகள். முகத்தில் அண்டத்தையே காக்கும் கவலை. வாயில் பகடைத் தகராறு. சிரிக்காமல் என்ன செய்வது?

நம் உரையாசிரியர்களை நினைத்துப் பாருங்கள். மூலத்தில் கைவைக்க மாட்டார்கள். இடறும் இடம் வந்தால் ‘புலவர் தவறிவிட்டார்’ என்று கடந்து போகாமல், அதற்கொரு நியாயம் தேடுவார்கள். இந்தக் குறும்புக்காரர்கள் செய்வதும் அதேதான்.

1999இல் வந்த ‘தி ஃபேன்டம் மெனஸ்’ என்ற ஸ்டார் வார்ஸ் படத்தில் ஜார் ஜார் பிங்ஸ் என்றொரு பாத்திரம். ரசிகர்கள் திட்டித் தீர்த்தார்கள். படக்கதையில் அதை ஆடுவது ஸாலி என்ற சின்னப் பெண்; அண்ணனோடு ஒட்டிக்கொண்டு ஆட்டத்துக்குள் நுழைந்தவள். அவ்வளவுதான், அதே உளறல், அதே தொங்கு காது, ஆனால் இப்போது அது ஒரு குழந்தையின் கற்பனை. எரிச்சலூட்டிய பாத்திரத்தை மடியில் தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. கேலி செய்யப் போய் அந்தப் பாத்திரத்துக்கு விமோசனமே கொடுத்துவிட்டார்கள்!

ஆர்டூ டிடூ என்ற குட்டி ரோபோ ஏன் பேசுவதில்லை? அதை ஆடும் பீட் கணக்கில் புலி. குறை ஒன்றை ஏற்றால் புள்ளி கூடும் என்பது ஆட்ட விதி. பேச்சை விற்றுத் திறமை வாங்கிவிட்டான். இன்னொன்றும் செய்தான். 20 முகப் பகடைகளை மூட்டையாக உருட்டி, ஆட்டத்தில் ஆகாத ‘ஒன்று’ இரண்டு முறை தொடர்ந்து விழுந்தவற்றை மட்டும் பத்திரப்படுத்தினான். மூன்றாவது முறையும் ஒன்று விழ 8000இல் ஒரு வாய்ப்புதானாம்! இந்த அவையில் புள்ளியியல் பேராசிரியர்கள் இருந்தால் அவனை மன்னித்துவிடுங்கள்.

கடைசியாக ஜிம். படத்தில் நிதானமே உருவான குவாய்-கான் ஜின்னை ஆடுபவன், நிதானம் என்றால் என்னவென்றே அறியாத இந்த ஜிம். படத்தில் குவாய்-கான் இறந்துபோகிறார். ஜிம் வீட்டுக்குக் கிளம்பினானா? இல்லை, ராணி பத்மேயை எடுத்துக்கொண்டான்! அவளைக் காதலிக்கும் அனாகினை ஆடுவது ஆனி என்ற பெண். 2002இல் வந்த அடுத்த படத்தின் காதல் காட்சிகள் மரக்கட்டை போல இருக்கின்றன என்று விமர்சகர்கள் குறைப்பட்டார்களே, நாயகிக்குள் ஜிம்மும் நாயகனுக்குள் ஆனியும் உட்கார்ந்திருந்தால் வேறு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்!